வீட்டுக்கு வண்ணம் அடித்தவர் வரைந்த வடகடல்: பேடர் பால்கே பற்றி ஒரு கேள்வி

கரிசல்காடு எழுதியது:

போன மாதம் லண்டனில் மகள் வீட்டில் இருந்தபோது, டர்னர் படங்களைப் பார்ப்பதற்காக நேஷனல் கேலரிக்குப் போனேன். டர்னரைப் பார்த்து முடித்துக் கால் வலியோடு திரும்பும்போது வேறொரு படம் என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. மரப்பலகையில் எண்ணெய் வண்ணம். உயரம் 12 சென்டிமீட்டர், அகலம் 16.5 சென்டிமீட்டர். என் கைபேசியைப் படுக்க வைத்தால் ஏறத்தாழ அதே அகலம்தான். தலைப்பு ‘புயல்’, 1862ஆம் ஆண்டு வாக்கில் வரைந்தது. வரைந்தவர் பேடர் பால்கே, நார்வேக்காரர், 1804இல் பிறந்து 1887இல் இறந்தவர். அந்தப் பெயரை நான் அதற்கு முன் கேள்விப்பட்டதே இல்லை.

கறுப்பு, வெள்ளை, நடுவில் சாம்பல். வேறு நிறம் இல்லையென்றே சொல்லலாம். தத்தளிக்கும் கப்பலைச் சுற்றி அலையும் மேகமும். அருகே போய்ப் பார்த்தால் அலை என்று நினைத்தது அலை இல்லை. ஈரம் காயாத சாயத்தை எதையோ வைத்து இழுத்த தடம். வெள்ளையை மேலே பூசியதாகவும் தெரியவில்லை. அடியில் இருக்கும் வெள்ளைப் பூச்சுதான் துடைத்த இடங்களில் எட்டிப் பார்க்கிறது.

இருபத்தேழு ஆண்டுகள் பள்ளி ஓவிய ஆசிரியராக இருந்தவன் நான். ஆயிரம் பிள்ளைகளுக்குக் கடல் வரையச் சொல்லிக்கொடுத்திருப்பேன். இந்தக் கடலை எப்படிச் செய்தார் என்று எனக்குப் பிடிபடவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: இது என்ன முறை? இதை முடித்த படம் என்று கொள்வதா, தனக்காகக் கிறுக்கி வைத்தது என்று கொள்வதா?

நேர்கோடு எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். 1850க்குப் பிறகு பால்கேயின் படங்களுக்கு வாங்க ஆளில்லை. அந்தச் சின்னப் பலகைகளில் பெரும்பாலானவை விற்பதற்காக வரைந்தவை அல்ல. எனவே கிறுக்கல் என்று நீங்கள் சொன்னால் நான் சண்டைக்கு வர மாட்டேன்.

பால்கே இன்றைக்கு நாகரிகம். லண்டனில் 2014இல் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தார்கள். அதிலிருந்து ‘காலத்துக்கு முந்தியவர்’, ‘நவீன ஓவியத்தின் பாட்டனார்’ என்று ஒரே பாட்டு. ஆளில்லாத வெளியும் இரண்டு நிறமும் இருந்தால் இன்றைய கண்ணுக்கு உடனே பிடித்துவிடுகிறது. அது நம் கண்ணின் பழக்கம், அவருடைய சாதனை இல்லை.

வடக்கின் மலையை ஓவியத்துக்குள் கொண்டுவந்தவர் என்றால் யோஹான் கிறிஸ்டியன் டால். நார்வேயின் பெர்கன் நகரத்து மீனவர் மகன். அவருடைய ‘ஸ்டால்ஹைமிலிருந்து’ என்ற 1842ஆம் ஆண்டுப் படம் ஆஸ்லோவில் இருக்கிறது. அகலம் மட்டும் இரண்டரை மீட்டருக்கு அருகில். கூம்பு போல நிற்கும் சிகரம், மேலே வானவில், இருபுறமும் செங்குத்துப் பாறை, அடியில் பண்ணை வீடுகள். பாறையில் எந்த இடத்தில் தண்ணீர் வழியும், எந்த இடத்தில் புல் பிடிக்கும் என்று தெரிந்து வரைந்த கை அது. அதன் பக்கத்தில் துணியால் துடைத்த அலையை வைத்துப் பாருங்கள்.

மூன்றாம் பெஞ்ச் எழுதியது:

நேர்கோடு ஐயா, அந்த ஸ்டால்ஹைம் படம் எங்கே வரையப்பட்டது என்பதையும் சொல்லியிருக்கலாமே. ஜெர்மனியில், டிரெஸ்டனில். 1826 கோடையில் டால் ஊருக்குப் போனபோது எடுத்த குறிப்பை வைத்துப் பதினாறு ஆண்டுகள் கழித்துப் பெரிதாக எழுப்பியது. ‘பார்த்து வரைந்தார்’ என்பதைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள்.

இதில் டாலைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அன்றைய நார்வேயில் ஓவியம் கற்க ஒரு கலைக்கழகம்கூட இல்லை. நானூறு ஆண்டுகளுக்கு மேல் டென்மார்க்கின் கீழ் இருந்த நாடு. 1814இல் தனி அரசியலமைப்பு எழுதிக்கொண்டு, அதே ஆண்டில் ஸ்வீடன் மன்னருக்குக் கீழே போய்ச் சேர்ந்தது. தனக்கென்று அரண்மனை வரலாறோ பெரிய நகரமோ இல்லாத இடத்தில் ‘இது எங்களுடையது’ என்று காட்ட மலையும் அருவியும்தான் இருந்தன. அதை வரையக் கற்றதோ வெளியூரில். டால் கோபன்ஹேகனில் படித்து டிரெஸ்டனில் குடியேறினார். தாமஸ் ஃபியர்ன்லி அவருடைய மாணவர். அடுத்த தலைமுறையில் ஹான்ஸ் கூடே டுஸ்ஸல்டார்ஃபுக்குப் போய் அங்கேயே பேராசிரியர் ஆனார். ‘நார்வே நிலம்’ என்று இன்று நம் மனதில் இருக்கும் படத்தில் பாதி எல்பா நதிக்கரை மாடி அறைகளில் தயாரானது.

டால் குடியிருந்த வீட்டின் மற்றொரு மாடியில் இருந்தவர் காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிக். அவருடைய ‘பனிக்கடல்’ எல்லோருக்கும் தெரிந்திருக்கும்: உடைந்த பனிப்பாளங்கள் கோபுரம் போல ஏறி நிற்க, வலப்பக்கம் நொறுங்கிய கப்பலின் முதுகு. 1823-24இல் வரைந்தது. ஃபிரீட்ரிக் துருவப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. டிரெஸ்டனில் எல்பா உறைந்து உடைந்தபோது பாளங்களை வரைந்து வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். அவர் சாகும்வரை அந்தப் படம் விலைபோகவில்லை. பிறகு அதை வாங்கி வைத்துக்கொண்டவர் டால்.

நேர்கோடு எழுதியது:

மாடிக் கணக்கெல்லாம் எனக்கும் தெரியும். பார்த்ததைப் பதினாறு ஆண்டு கழித்து வரைவதும், பார்க்காமலேயே கையால் அலை இழுப்பதும் ஒன்றல்ல என்பதுதான் என் கட்சி. டால் ஊருக்கு ஐந்து முறை திரும்பப் போனார். பால்கே வடக்குக்குப் போனது ஒரே ஒரு முறை. ஒரு கோடைப் பயணத்தை வைத்துக்கொண்டு நாற்பது ஆண்டுகள் வண்டி ஓட்டியவர் அவர்.

மூன்றாம் பெஞ்ச் எழுதியது:

அந்த ஒரு பயணம் என்ன பயணம் என்று தெரிந்தால் இவ்வளவு எளிதாகச் சொல்ல மாட்டீர்கள். 1832. பால்கேக்கு இருபத்தேழு வயது. ஏழைக் குடும்பத்துப் பையன். பண்ணை வீடுகளில் சுவருக்கும் அலமாரிக்கும் வண்ணம் அடித்துப் பிழைத்தவன். ‘பால்கே’ என்பதே அவர் வாழ்ந்த ஒரு பண்ணையின் பெயர்தான். அன்றைக்கு நார்வே ஓவியர்கள் போனதெல்லாம் தெற்கிலும் மேற்கிலும் உள்ள பள்ளத்தாக்குகளுக்கு. இவர் கரையோரமாகக் கப்பலில் ஏறி நார்வேயின் வடகோடியான ஃபின்மார்க் வரை, நார்டுகாப் முனை வரை போனார். கடலிலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்குச் சுவர் போல எழும் கரும்பாறை அது.

அடுத்து நடந்ததைக் கதையில் எழுதினால் நம்ப மாட்டோம். பிரான்சில் புரட்சி வந்தபோது லூயி பிலிப் என்ற இளவரசர் தப்பியோடி, 1795இல் முல்லர் என்ற பொய்ப்பெயரில் நார்டுகாப் வரை போய் வந்திருந்தார். பின்னாளில் அவரே பிரான்சின் மன்னர். ஐம்பது ஆண்டுகள் கழித்துப் பால்கே பாரிசுக்குப் போய் அவர் முன் தன் வடகடல் ஓவியங்களை விரிக்கிறார். பாரிஸ் நகரத்திலேயே அந்தப் பாறைகளை நேரில் பார்த்த ரசிகர்! மன்னர் சுமார் முப்பது படங்களுக்குச் சொல்லிவைத்தார். பால்கே எண்ணெய் வண்ண மாதிரிகள் வரையத் தொடங்கினார். 1848 பிப்ரவரியில் மன்னரே ஓட வேண்டியதாகிவிட்டது. பெரிய படங்கள் வரவேயில்லை. அந்தச் சின்ன மாதிரிகளில் இருபதுக்கும் மேற்பட்டவை இன்றும் லூவரில் இருக்கின்றன.

ஊருக்குத் திரும்பியவரைத் தலைநகரம் கண்டுகொள்ளவில்லை. இடம் வாங்கித் தொழிலாளர்களுக்காகக் குடியிருப்பு ஒன்றை உண்டாக்கினார். பால்கேபி என்று அதற்குப் பெயர். மர வீடுகள். 1879இல் எரிந்துபோனது. இந்த வேலைகளுக்கு நடுவே, யாரும் கேட்காமல், உள்ளங்கை அகலப் பலகைகளில் அதே வடகடல், அதே பாறை, திரும்பத் திரும்ப. இதைத்தான் கரிசல்காடு ஐயா பார்த்திருக்கிறார்.

நேர்கோடு எழுதியது:

மனம் இளகக் கதை சொல்கிறீர்கள். படம் நன்றாக இருக்கிறதா என்பதற்கு ஓவியர் பட்ட கஷ்டம் சாட்சியாகுமா? வாதத்தை விட்டுவிட்டு ஒப்பாரி வைப்பது உங்களுக்கு வழக்கமாகிவிட்டது.

மட்டுறுத்துநர் எழுதியது:

நேர்கோடு, கடைசி வரி வேண்டாம். கரிசல்காடு அவர்களின் முதல் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை என்பதை நினைவூட்டுகிறேன்.

பீரோ பெயிண்டர் எழுதியது:

நான் இந்தப் பகுதிக்கு வருகிறவன் இல்லை. என் தங்கை மகன் ‘மாமா, உங்கள் வேலை மாதிரியே இருக்கிறது’ என்று சொல்லி இந்த இழையை அனுப்பினான். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும் என்று நினைக்கிறேன்.

முப்பத்தொரு ஆண்டுகள் இரும்பு பீரோ பட்டறையில் இருந்தேன். ஒரு காலத்தில் தேக்கு டிசைன் போட்ட பீரோ என்றால் கல்யாணச் சீரில் தனி மதிப்பு. தகட்டில் பட்டி பார்த்து, தேய்த்து, வெளிர் மஞ்சளில் அடிப்பூச்சு கொடுத்துக் காய விடுவோம். அதன்மேல் தவிட்டு நிறத்தை எண்ணெய் விட்டுத் தண்ணீர் மாதிரி இளக்கி மெல்லிசாக ஓட்ட வேண்டும். அது காய்வதற்குள் சீப்பை இழுத்துவிட வேண்டும். சீப்பு என்றால் கடையில் வாங்கியது இல்லை, சைக்கிள் டியூபை வெட்டிப் பல் போட்டது. இழுக்கும்போது கை லேசாக நடுங்கினால்தான் மரத்தின் ரேகை வரும். நேராக இழுத்தால் கோடு போட்ட நோட்டு மாதிரி ஆகிவிடும். கணு வேண்டிய இடத்தில் கட்டைவிரலை வைத்து ஒரு திருகு. வெளிச்சம் வேண்டிய இடத்தில் துணியால் ஒற்றி எடுத்தால் அடியிலுள்ள மஞ்சள் வெளியே வரும். மேலே வெளிர் நிறம் பூசக் கூடாது. பூசினால் செத்துவிடும்.

அந்தப் படத்தில் இருப்பது அச்சாக அதேதான். மஞ்சளுக்குப் பதில் வெள்ளை அடிப்பூச்சு, தவிட்டுக்குப் பதில் கறுப்பு. அலையின் நுனியில் பல் பல்லாக இருக்கிறதே, அது காய்ந்த பிரஷ் முடியையோ சீப்பையோ வைத்து இழுத்தது. மேகம் துணி. ஓரிரு இடத்தில் விரல் என்று நினைக்கிறேன். பண்ணை வீட்டில் வண்ணம் அடித்தவர் என்று மேலே எழுதியிருக்கிறார்களே, அவர் மரத்தையும் பளிங்கையும் போலியாகப் போடத் தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

மூன்றாம் பெஞ்ச் எழுதியது:

எழுந்து நின்று கைதட்டுகிறேன். அந்தக் காலத்து அலங்கார வண்ணக்காரர்களுக்கு இரண்டும் தெரியும். பைன் பலகைச் சுவரில் பளிங்கு போடுவது, மலிவு மரத்தில் உயர்ந்த மரத்தின் ரேகை போடுவது இரண்டும் அவர்களுடைய அன்றாட வேலை. பால்கே பிற்காலப் படங்களில் பிரஷ்ஷைச் சீப்பு போல இழுத்ததையும், பஞ்சாலும் விரலாலும் வேலை செய்ததையும் கலை வரலாற்றாளர்களே எழுதியிருக்கிறார்கள். ஆனால் ‘கை நடுங்கினால்தான் ரேகை வரும்’ என்று அவர்கள் யாரும் எழுதி நான் படித்ததில்லை.

நேர்கோடு எழுதியது:

பீரோ பெயிண்டர் ஐயாவின் பதிவு இந்த இழையிலேயே சிறந்தது, வஞ்சனையில்லாமல் சொல்கிறேன். ஆனால் அது என் பக்கம்தான் சாய்கிறது. போலி மரம் போடும் உத்தியில் போலிக் கடல். மரமே பார்க்காதவனும் தேக்கு டிசைன் போடலாம் அல்லவா?

பீரோ பெயிண்டர் எழுதியது:

போடலாம். போட்டும் இருக்கிறார்கள். பட்டறைக்கு வந்த பையன்களில் தச்சர் வீட்டுப் பிள்ளை போட்ட கணுவையும் மற்றவன் போட்ட கணுவையும் நான் பத்தடி தூரத்திலிருந்தே பிரித்துச் சொல்லிவிடுவேன்.

வல்லைவெளி எழுதியது:

நான் நோர்வேயில் இருந்து எழுதுகிறேன். 1989இல் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து, ஃபின்மார்க்கில் வார்டோ என்ற தீவுப் பட்டினத்தில் ஒரு மீன் தொழிற்சாலையில் ஆறு ஆண்டுகள் கொட் மீன் வெட்டினேன். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்கள் பலர் அந்தக் கரையோரத் தொழிற்சாலைகளில்தான் இருந்தார்கள். இப்போது ஆஸ்லோவில் இருக்கிறேன். பால்கே வார்டோவையும் வரைந்திருக்கிறார். அங்குள்ள கோட்டையைப் பலமுறை வரைந்திருக்கிறார். இங்கே தேசிய அருங்காட்சியகத்துக்கு மகனின் பள்ளிக்கூட வேலைக்காகப் போனபோதுதான் அவர் படங்களை முதலில் பார்த்தேன். பார்த்தவுடன் கைவிரல் விறைத்த மாதிரி இருந்தது.

சில விடயங்களைச் சொல்ல வேண்டும். அந்தப் படங்களில் நிறம் இல்லை என்கிறீர்கள். நவம்பர் கடைசியில் இருந்து ஜனவரி நடுப்பகுதி தாண்டும்வரை வார்டோவில் சூரியன் எழும்பாது. மத்தியானத்தில் சில மணித்தியாலங்கள் நீலமும் சாம்பலுமாக ஒரு மங்கல் வெளிச்சம், பிறகு அதுவும் இல்லை. மரம் என்று சொல்ல அங்கே ஒன்றும் கிடையாது. டாலின் படங்களில் புயலில் வளையும் பேர்ச் மரம் இருக்கிறது; இங்கே வளைவதற்கு ஒன்றும் இல்லை, காற்று நேரே உங்கள் மேல்தான் மோதும். கோட்டையும் ஏதோ உயரமான கோட்டை இல்லை. கடலில் இருந்து பார்த்தால் தாழ்வான ஒரு கோடு, அவ்வளவுதான். பால்கே அதை அப்படித் தாழ்வாக வைத்து முன்னால் அலையை எழுப்பியிருப்பதைப் பார்த்தபோது, இந்த மனிதர் படகில் நின்று பார்த்திருக்கிறார் என்று எனக்கு விளங்கியது.

நேர்கோடு அண்ணா ஒரே ஒரு கோடை என்கிறார். நான் ஆறு குளிர்காலம் இருந்தேன். ஆனால் கண்ணை மூடினால் வருவது வந்து இறங்கிய முதல் கிழமைதான்.

நேர்கோடு எழுதியது:

அக்கா, உங்கள் கண்ணை நான் மறுக்கவில்லை. ஆனால் நீங்களே ஒரு கேள்வியை எடுத்துக் கொடுக்கிறீர்கள். பால்கே போனது கோடை. நார்டுகாப்பில் மே நடுப்பகுதியிலிருந்து ஜூலை கடைசி வரை சூரியன் மறையாது. அப்படியிருக்க, அவர் வரைந்ததில் எத்தனை நிலவொளிப் படங்கள்! பகலே முடியாத ஊருக்குப் போய்விட்டு வந்து இரவை வரைந்திருக்கிறார். இதற்கு என்ன பதில்?

வல்லைவெளி எழுதியது:

ஓகஸ்ட் கடைசியில் இருட்டுத் திரும்பிவிடும் அண்ணா. நிலவும் வரும். ஆனால் அவர் எந்தக் கிழமை எங்கே நின்றார் என்று பார்த்து நான் வாதாட வரவில்லை. நிலவொளி அந்தக் கால ஓவியர்கள் எல்லோருக்கும் பிடித்த சாமான் என்று மகனின் ஆசிரியர் சொன்னார். டிரெஸ்டனில் டாலும் ஃபிரீட்ரிக்கும் நிலவு வரைந்துகொண்டிருந்த இடத்துக்குப் பால்கேயும் போய்ப் படித்தவர்தானே. நிலவு அங்கே இருந்து வந்திருக்கலாம். பாறை ஃபின்மார்க்கில் இருந்து வந்தது.

கரிசல்காடு எழுதியது:

கேட்டது ஒரு கேள்வி, கிடைத்தது ஒரு வகுப்பு. நிலவு ஓரிடத்தில் இருந்தும் பாறை ஓரிடத்தில் இருந்தும் வந்தது என்ற வரியைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். கைவேலை பண்ணை வீட்டுச் சுவரிலிருந்து வந்தது என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்கிறேன்.

ஆஸ்லோவில் இருக்கும் ‘மூடுபனியில் ஸ்டெடின்ட்’ என்ற 1864ஆம் ஆண்டுப் படத்தின் நகலையும் நேற்று இணையத்தில் பார்த்தேன். கடலோரத்தில் 1392 மீட்டர் உயரத்துக்கு ஒரே கல்லாக எழும் மலை. அடிவாரத்தில் கொந்தளிக்கும் தண்ணீர், நடுவில் மூடுபனி, அதற்கு மேலே மலை தனியாக மிதக்கிறது. அந்த மூடுபனியை எப்படி விட்டார் என்றுதான் இப்போது யோசனை. பீரோ பெயிண்டர் ஐயா, ஒரு பலகையில் செய்து காட்ட முடியுமா?

மூன்றாம் பெஞ்ச் எழுதியது:

அவர் செய்து காட்டும்வரை ஓர் உபரித் தகவல். டாலுக்குப் பழைய மரத் தேவாலயங்கள் மேல் உயிர். வாங் என்ற ஊரில் இருந்த பழமையான ஒன்றை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்து, 1841இல் ஏலத்தில் தானே வாங்கிவிட்டார். வைக்க நார்வேயில் இடம் கிடைக்கவில்லை. கடைசியில் பிரஷ்ய மன்னர் எடுத்துக்கொண்டு போய்ச் சைலீசிய மலையில் நிறுத்தினார். இன்று அது போலந்தில் இருக்கிறது. நேர்கோடு ஐயாவின் ஆள் நார்வே மலையை டிரெஸ்டனில் வரைந்ததோடு நில்லாமல் நார்வே கோயிலையும் ஊர் கடத்திவிட்டார்.

நேர்கோடு எழுதியது:

காப்பாற்றினார் என்று திருத்தி வாசிக்கவும்.

பீரோ பெயிண்டர் எழுதியது:

பத்து நாள் ஆகிவிட்டது, மன்னிக்கவும். ஒட்டுப்பலகையை அஞ்சுக்கு ஆறரை அங்குலத்தில் பன்னிரண்டு துண்டு போட்டேன். பட்டி பார்த்து, வெள்ளை எனாமல் இரண்டு கோட் அடித்து, உப்புத்தாளில் தேய்த்து வழவழப்பாக்கினேன். கறுப்பு எண்ணெய் வண்ணத்தை ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் விட்டு இளக்கினேன்.

அலை முதல் பலகையிலேயே வந்துவிட்டது. சொல்லப்போனால் அலை நம் தேக்கு ரேகையைப் படுக்கப் போட்டதுதான். மேகம் மூன்றாவதில் வந்தது. பழைய வேட்டித்துணி நன்றாக ஒற்றுகிறது, புதுத்துணி கோடு விழுகிறது. பாறையைக் காய்ந்த பிரஷ்ஷால் மேலிருந்து கீழே இழுத்தேன், சுமார். மாட்டிக்கொண்டது மூடுபனியில்தான். துணியால் ஒற்றினால் மேகமாகிவிடுகிறது. துடைத்தால் வெள்ளைப் பட்டை. விரலால் தேய்த்தால் அழுக்கு. மரத்தில் மூடுபனி கிடையாது, எங்களுக்கு அந்தப் பழக்கமே இல்லை. ஒன்பதாவது பலகையில் சலித்துப்போய் அடுத்ததை எடுக்கக் கையை நீட்டினேன். சட்டைக் கை ஈரத்தில் பட்டு, அலைக்கு மேலே ஒரு தீற்றல் இழுத்துவிட்டது. அதையும் சேர்த்துப் படம் எடுத்துப் போட்டிருக்கிறேன். ஒன்பது கெட்டுப்போனது, அதைப் பார்க்க வேண்டாம். ஆறாவதையும் பதினொன்றாவதையும் பாருங்கள்.

வல்லைவெளி எழுதியது:

ஐயா, ஒன்பதாவதை எறிந்துவிடாதீர்கள்.

வார்டோவில் கடல் உறைவதில்லை, தெற்கில் இருந்து வரும் நீரோட்டத்தின் சூடு அதில் இருக்கும். காற்று மட்டும் கடும் குளிராக இறங்கும் நாட்களில் கடல் முழுக்க ஆவி விடும். கொதிக்கும் பானை மாதிரி. இங்கே அதை உறைபனிப் புகை என்ற பொருளில் சொல்வார்கள். மேலே போகாது, தண்ணீரோடு ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில் இழுபடும். காலை வேலைக்குப் போகும்போது துறைமுகத்தில் படகுகளுக்கு அடிப்பாகம் இருக்காது, பாய்மரக் கம்பமும் மேல்கூடும் மட்டும் நகர்ந்து வரும். உங்கள் சட்டைக் கை இழுத்திருப்பது அதைத்தான். மகனிடம் காட்டினேன், ‘அம்மா, இது எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது?’ என்று கேட்டான்.

நேர்கோடு எழுதியது:

அழகாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் ஒரு சின்னக் குறிப்பு: நீங்கள் சொல்லும் புகை கடும் குளிர்காலத்தில் வருவது. பால்கே போனது கோடையில். அவர் அதைப் பார்த்திருக்கவே முடியாது.

பீரோ பெயிண்டர் எழுதியது:

நானும்தான் பார்த்ததில்லை ஐயா. மீதி மூன்று பலகையில் சட்டைக் கையால் இழுத்துப் பார்த்துவிட்டேன், வரவில்லை. ஒன்பதாவது காய இன்னும் ஒரு வாரம் ஆகும். அம்மா விலாசம் அனுப்பினால் மகனுக்குப் பார்சல் போடுகிறேன்.